ஆட்டம் போதும், பாகைக் காட்டு

ஏலே பேராண்டி, வா, உக்காரு. கோவில்பட்டியில எவன் போனைத் தொறந்தாலும் நீதான் ஆடுத. நானும் பாத்தேன். கறுப்புக் கண்ணாடி என்ன, கழுத்துல தொங்குற துண்டு என்ன! எங்க அண்ணன், அதான் உங்க தாத்தன், இருந்திருந்தா கண்ணு கலங்கியிருப்பாரு. பின்னால அடுப்புல கடலை தீயுதுல்லா!

ஒரே ஒரு சந்தேகம்டே. நீ விக்கிறது கடலை மிட்டாயா, இடுப்பா?

லட்சம் பேரு பாத்துட்டான்னு சொல்லுத. சந்தோசம். கல்லாவுல எவ்வளவு விழுந்துச்சு? கல்யாணத்துக்கு வந்த கூட்டம் பந்தியில தின்னுட்டு மொய் எழுதாமப் போனாப்பலல்லா இருக்கு. டெல்லிக்காரன் ஹார்ட்டு விட்டா, கால் கிலோ வாங்க ரயிலேறி வருவானா? எட்டயபுரத்துக்காரன், சாத்தூர்க்காரன், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நாலுவழிச் சாலையில கார்ல பறக்கவன், இவன்தான்டே உன் யாவாரம். அவன் கண்ணுல படுத மாதிரி ஊர்ப் பேரைப் போட்டியா?

2020 ஜூன் மாசம் டிக்டாக்கைத் தடை பண்ணுனான். ஜூலையிலேயே ரீல்ஸு வந்து குதிச்சுது. அதே வருசந்தான் நம்மூரு கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கெடைச்சுது. கவர்மெண்டே மெச்சுன சரக்கைக் கையில வச்சுக்கிட்டு, எவனோ பாடுன பாட்டுக்கு நீ வாயசைக்க!

சொல்லுதேன், கேளு. போனை நட்டுக்குத்தலாப் புடி. பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு, இறுகுனதை எடுத்துத் தட்டுல போடு. 'டங்'குனு கேக்கும்லா, அதுலயே வீடியோவை ஆரம்பி. மொத மூணு விநாடியில ஒண்ணும் இல்லைன்னா கட்டைவிரலு தள்ளிரும். பெறகு வறுத்து, தோலு நீக்கி, ரெண்டா ஒடைச்ச கடலையைப் பாகுல கொட்டிக் கிண்டு. பலகையில பரத்தி, துண்டு போடு. பாட்டு வேண்டாம். சத்தமே போதும், எச்சி ஊறும். கடைசியில கடை எந்தத் தெரு, கால் கிலோ என்ன வெலை, எப்ப அடைப்பன்னு எழுது. உன் மூஞ்சி எதுக்கு? அதை ஊரே பாத்திருக்கு.

துட்டுக் குடுத்து மதுரையிலேர்ந்து ஒருத்தனைக் கூட்டியாந்தியே, மிட்டாயை வாயில வைக்குமுன்னயே 'ஆஹா'ன்னு கண்ணைச் சொருகுனானே, மகராசன்! கூலி வாங்கித் தின்னா 'விளம்பரம்'னு போடணும்னு 2021-லேயே விளம்பரத் தரக் கவுன்சில் சொல்லிருச்சு. போட்டானா?

ஒண்ணை மனசுல வையி. வீடியோ ஆளைக் கடை வாசல் வரைக்குந்தான் கூட்டியாரும். வந்தவன் கையில நமத்துப்போனதைக் குடுத்தேன்னா, அவனும் போன் வச்சிருக்கான்லா?

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. எனக்கு ஒரு அரைக் கிலோ பொட்டலம் கட்டு. என்னது, துட்டா? உன் வீடியோவுக்கு லைக்கு போட்டிருக்கேன்லா. அதைக் கல்லாவுல போட்டுக்கோ!