பி.டி. போதல்: டுரியான் துங்கால் குடும்பங்களின் ஒரு நாள் கடலோரப் பயணத் திட்டமிடல் குறித்த முதற்கட்ட ஆய்வு

"வர்ற ஞாயித்துக்கெழம பி.டி. போலாமா?" என்று ஒருவர் புலனக் குழுவில் கேட்கிறார். அந்த நொடியிலிருந்து காடியின் பூட் மூடப்படும் வரை ஒரு குடும்பத்துக்குள் நடப்பவையே இவ்வாய்வின் எல்லை. பூட் மூடிய பிறகு நடப்பதெல்லாம் வெறும் பயணம். அதை எவரும் எழுதலாம்.

பி.டி. எனப்படுவது நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன். காலனியச் செயலாளராக இருந்த ஜான் பிரடெரிக் டிக்சனின் பெயரைத் தாங்கியது. 1891இல் சிரம்பானிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. 1927இலேயே பாய்மரப் படகு மன்றம் கண்டது. இச்செய்திகளுள் ஒன்றேனும் எந்தக் குடும்பத்தின் திட்டத்திலாவது இடம்பெற்றதற்குச் சான்று கிடைக்கவில்லை.

டுரியான் துங்கால் இருக்கும் மலாக்காவிலேயே கடல் இருக்கும்போது ஏன் மாநிலம் விட்டு மாநிலம் போக வேண்டும் என்பது நியாயமான மறுப்பு. கிளேபாங் இருக்கிறது, தஞ்சோங் பிடாரா இருக்கிறது. நீர்நிலைதான் வேண்டுமென்றால் ஊர்ப் பெயரிலேயே ஓர் அணை இருக்கிறது. 1991 வறட்சியில் வற்றிப்போய் மலாக்காவையே வாளியும் கையுமாக நிற்க வைத்த அணை. இம்மறுப்புக்கு ஒரே விடைதான். கிளேபாங்குக்குத் தேங்காய் ஷேக் குடிக்கப் போவார்கள், குடித்ததும் திரும்பிவிடுவார்கள். மீகூன் கட்டாமல் போகிற இடம் பயணக் கணக்கில் சேராது.

ஆகவே மீகூனை நெருங்கிப் பார்ப்பது அவசியமாகிறது. பெரிய அலுமினியப் பேசின், அதில் பிரட்டிய மீகூன், மேலே மூடித் தட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பழைய கைலியால் கட்டிய முடிச்சு. சம்பால் தனி, அது ஐஸ்கிரீம் டப்பாவில் வரும், டப்பாவின் மூடியில் வெனிலா படம் இன்னும் அழியாமல் இருக்கும். சின்னப் பிள்ளைகள் ஆண்டுதோறும் இதில் ஏமாறுகிறார்கள். பேசின் சரியக் கூடாது, கடற்கரையில் முதலில் இறங்க வேண்டியதும் அதுதான். எனவே பூட்டில் அது கடைசியாகத்தான் ஏறும். பாய், ஐஸ் பெட்டி, மாற்றுத்துணி, பாட்டியின் மடக்கு நாற்காலி அனைத்தும் அதற்கு முன் ஏறியாக வேண்டும். அப்படியானால் புறப்படும் நேரத்தைத் தீர்மானிப்பது அப்பாவும் அல்ல, கடிகாரமும் அல்ல. அடுப்படிதான்.

அடுத்தது பாதைச் சிக்கல். இதில் இரு கட்சிகள் உண்டு. சிம்பாங் அம்பாட்டில் நெடுஞ்சாலை ஏறி, சிரம்பான் வழியாகப் போவோம் என்பது பெரியப்பா கட்சி. மஸ்ஜித் தானா, லுபோக் சீனா, லிங்கி என்று பழைய ரோட்டிலேயே போனால் டோல் இல்லை என்பது மாமா கட்சி. மாமாவின் கொள்கைப் பிடிப்புக்கும் அவருடைய டச் என் கோ கார்டின் மிச்சத் தொகைக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் அறிவார். ஆனால் குடும்ப நலன் கருதி இங்கே வெளியிடவில்லை.

எந்த வழியில் போனாலும் நிலவியல் ஒரு வேடிக்கை செய்கிறது. போர்ட்டிக்சன் கரையில் நீட்டிக்கொண்டிருக்கும் தஞ்சோங் துவான் முனை, சுற்றிலும் நெகிரி செம்பிலான் இருந்தும், மலாக்காவுக்குச் சொந்தம். அதுவும் அலோர் காஜா மாவட்டம். டுரியான் துங்காலும் அதே மாவட்டம். பெட்ரோல் ஊற்றி, டோலுக்குச் சண்டை போட்டு, மாநில எல்லை தாண்டி, கடைசியில் சொந்த மாவட்டத்தில் போய் இறங்கலாம். 1606இல் இந்த முனைக்கு அப்பால்தான் டச்சுக்காரர்களும் போர்த்துகீசியர்களும் கப்பல் கப்பலாய் மோதினார்கள். இன்று நிற்கும் கலங்கரை விளக்கம் 1863இல் எழுந்தது. மார்ச் மாதத்தில் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து தேன்பருந்துகள் கூட்டமாக இங்கே வந்து சேர்கின்றன. பாயும் இல்லை, பேசினும் இல்லை, புலனக் குழுவும் இல்லை.

இனி காற்று. சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்கு வந்த தமிழ் வணிகர்கள் பருவக்காற்றை நம்பிப் பாய் விரித்தவர்கள். திரும்பிப் போக, காற்று மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்கள் காற்றுக்குக் காத்திருந்தார்கள், நாம் இன்னும் மீகூன் கட்டி முடிக்காத அத்தைக்குக் காத்திருக்கிறோம். இதை முன்னேற்றம் என்பதா, வீழ்ச்சி என்பதா என்று எளிதில் முடிவுகட்ட முடியாது. ஏனெனில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை நீரிணையில் 'சுமத்திரா' என்னும் திடீர்ப் புயல்மழை வீசுவதுண்டு. பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். ஆறு மணிக்குக் கிளம்பத் திட்டமிட்டு, அத்தையால் ஒன்பதுக்குக் கிளம்புகிற குடும்பம் அதில் நனைவதில்லை. அத்தையின் தாமதத்துக்கு வானிலை அறிவியல் நன்றி சொல்லியாக வேண்டும்.

ஆனால் அதே தாமதம் இன்னொன்றில் காலை வாரிவிடுகிறது. நீரிணையில் தண்ணீர் ஒரு நாளில் இருமுறை ஏறி, இருமுறை இறங்கும். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். தாமதமாகப் போய்ச் சேரும் குடும்பத்தின் கண்ணில் படுவது சில நாளில் கடல். சில நாளில் ஈர மணலும் பாறையும், தூரத்தில் ஒரு வெள்ளைப் பாயும். "கடல் எங்கம்மா?" என்று பிள்ளை கேட்கும்போது பேசினின் கைலி முடிச்சு அவிழ்க்கப்படுகிறது. அடுப்படி, டோல், அத்தை என அனைத்தையும் கலந்தாலோசித்த குழுவில், கடலைக் கேட்டவர் எவருமில்லை.

எனவே பி.டி. போகவிருக்கும் குடும்பங்களுக்கு ஆய்வாளரின் வேண்டுகோள்: முதல் நாள் இரவு கைப்பேசியில் தண்ணீர் ஏறும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். மாமாவின் கார்டில் யாராவது காசு போட்டுவிடுங்கள். தஞ்சோங் துவான் காட்டில் மீகூன் தட்டையும் நெகிழிப் பையையும் விட்டுவிட்டு வராதீர்கள். அது நம் மாவட்டம்.