கடல்வரை இறக்கம்தான்

பதுளையிலிருந்து சைக்கிளில் கிளம்பினால் ஏற்றம்தான். ஊர் கடல் மட்டத்துக்கு மேலே 680 மீற்றர் அளவில் கிடக்கிறது. எல்ல 1,000 மீற்றரைத் தாண்டிவிட்டது, பண்டாரவளை 1,200ஐ, அப்புத்தளை 1,400ஐ. பசறைப் பக்கம் திரும்பலாம் என்றால் 2,000 மீற்றர் உயரத்தில் நமுனுகுலை நின்றுகொண்டு, "எங்க தம்பி இந்தப் பக்கம்?" என்று கேட்கிற மாதிரி பார்க்கிறது. ஆறு ஓடுகிற பக்கம் ஒன்றுதான் இறக்கம். அந்த வழியாகத் தப்பித்துப் போகப் பார்த்த பதுளை ஓயா, துன்ஹிந்தவில் 64 மீற்றர் பள்ளத்தில் தலைகுப்புற விழுவதை நாடே டிக்கட் எடுத்துப் பார்க்கிறது.

வீட்டுக்குத் திரும்பி வருவதோ சுகமான இறக்கம். பெடலை மிதிக்கக்கூட வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், மாலை ஆறு மணிக்குள் வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். இந்த ஊரின் நிலத்தை வகுத்தவர் யாராக இருந்தாலும், என் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வகுத்திருக்கிறார்.

சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வந்தது 2022இல். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று கியூஆர் கோட் கொடுத்திருந்த காலம். அந்த நாலு லீற்றருக்கு வரிசையில் நின்ற நேரத்தில் நடந்தே அலுவலகம் போய்த் திரும்பியிருக்கலாம். சைக்கிள் விலையும் கூடிக்கொண்டே போனது. இன்னும் கூடுமுன் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்று நாடு முழுவதும் எல்லாப் புத்திசாலிகளும் நினைத்ததால் மேலும் கூடியது. நான் வாங்கியது 21 கியர். பதுளையில் பாவனைக்கு வருவது அதில் ஒன்றே ஒன்று, ஆகச் சின்னது. மற்ற இருபதும் மானத்துக்காக. பெட்ரோல் வந்த பிறகு சைக்கிள் பின்புறச் சுவரில் சாய்ந்தது. ஒரு போஞ்சிக்கொடி பின் சக்கரத்தைப் பிடித்து ஏறி, கம்பிக்குக் கம்பி சுற்றிப் பூத்துக் காய்த்தது. அந்த வருஷம் சைக்கிளால் வீட்டுக்குக் கிடைத்த வருமானம் அதுதான்.

பிறகு ஒரு ஓகஸ்ட் மாதம், ஹாலிஎலயில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். வெள்ளைக்காரத் தம்பதி; இருவருக்கும் அறுபதுக்குக் குறையாது. சைக்கிளின் முன்னும் பின்னும் பைகள், கூடாரம், கேத்தல்கூட இருந்தது. அறுகம்பையிலிருந்து வருகிறார்களாம். பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, அங்கிருந்து எல்லவுக்கு ஏறி, இப்போது பதுளைக்கு. கடலிலிருந்து மலைக்கு! அந்த அம்மா இரண்டாவது பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, மேலே இன்னும் நல்ல ஏற்றம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் விசாரித்தார். இந்தக் கேள்வியை இந்த மாகாணத்தில் வேறு யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

நான் சும்மா இருக்கலாமா? லிப்டன் சீட்டுக்கு வழி சொன்னேன். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்ன, 1890இல் லிப்டன் கட்டிய தொழிற்சாலை, அதற்கு மேலே தோட்டப் பாதையில் ஏழு கிலோமீற்றர், உச்சி 1,970 மீற்றர். விடியற்காலையில் போய்விடுங்கள், வெயில் ஏறினால் முகில் வந்து மூடிவிடும் என்றெல்லாம் சொன்னேன். எந்த வளைவில் மூச்சு வாங்கும், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். நான் அங்கே போனது வேனில். அதிலும் பாதி வழி தூங்கிவிட்டேன். அவர்கள் எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டு, "நீங்களும் சைக்கிள்காரரா?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் போஞ்சிக்கொடியை அறுத்தேன்.

திட்டம் போடுவதில் எனக்கு நிகர் நான்தான். நெடுஞ்சாலை வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன். பதுளையை ஊடறுத்துப் போகும் ஏ5 வீதி, பேராதனையில் புறப்பட்டு நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாக மட்டக்களப்புக்குப் பக்கத்தில் செங்கலடியில் முடிகிறது. ஏ4 வீதியோ கொழும்பிலிருந்து வந்து பெரகலையில் மலை விளிம்பைத் தொட்டு, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, பொத்துவிலில் கடலைப் பார்த்துவிட்டு மட்டக்களப்புக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு ஏ23. விரலால் ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் அரை நிமிஷம்.

வரைபடத்தின் முன்னால் நின்று பிள்ளைகளுக்குப் பாடமும் எடுத்தேன். பிரான்ஸில் ஆல்ப் துவேஸ் என்று ஒரு ஏற்றம் இருக்கிறது, 13.8 கிலோமீற்றரில் 21 கொண்டை ஊசி வளைவு, உலகத்து வீரர்கள் எல்லாம் அங்கேதான் நாக்குத் தள்ளுவார்கள். நம்முடைய வெல்லவாய ஏற்றமும் அதற்கு ஒன்றும் சளைத்ததல்ல. 27 கிலோமீற்றருக்கு 850 மீற்றர் ஏற வேண்டும் என்றேன். சரிவு அதில் பாதிகூட இல்லை என்பது பாடத்தில் சேர்க்கப்படவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமலே, "அவங்களுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க" என்றாள்.

ஏறுவது வெள்ளைக்காரர்களின் பாடு. நான் இறங்குவதாக முடிவு செய்தேன். எல்லவரைதான் கஷ்டம், அதன் பிறகு கடல்வரை இறக்கம்தான். பௌதிகக் கணக்குகூடப் போட்டேன். நானும் சைக்கிளுமாக 95 கிலோ. 360 மீற்றர் உயர்த்துவதற்கு மட்டும் என்றால் இரண்டு மூன்று ரொட்டியின் சக்தி போதும். இதை மனைவியிடம் சொன்னேன். "அப்ப மூணு ரொட்டி கட்டுறேன்" என்றாள். கணக்கில் தரை உராய்வைச் சேர்க்கவில்லை என்று உடனே திருத்தி, பன்னிரண்டாக்கினேன்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் படிப்பு உண்மையிலேயே ஆழமானது. ஜூலை முதல் செப்டெம்பர்வரை ஊவாவில் மழை குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அந்தக் காற்றில்தான் கொழுந்து வாடி, ஊவாத் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் வாசம் ஏறுகிறது. அறுகம்பையில் அலைச்சறுக்குக்காரர்கள் கூடுவதும் இதே மாதங்களில். அப்புத்தளையில் இந்தக் காற்று தகரத்தைக் கழற்றும், குடையைப் பிடுங்கும். தேயிலைக்கு நல்லதெல்லாம் தேயிலை குடிக்கிறவனுக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பயணச் செய்தி பசறைப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் மாமியார் காதுக்கு எட்டியது. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி ஊவா மலைகளைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிற பெக்கோ டிரெயில் என்ற நடைப்பாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 பகுதிகள், எல்லாம் பழைய தோட்டத்துப் பாதைகள், வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து வந்து நடக்கிறார்கள் என்று அவருக்கு நான் முன்பு விளக்கியிருந்தேன். அவர் முப்பது வருஷம் கொழுந்துக் கூடையோடு மேக்கணக்குக்கும் பணியக்கணக்குக்கும் ஏறி இறங்கியவர். "நாங்க நடந்தப்ப அரை நேரப் பேருதான் போட்டாங்க மருமகனே" என்றவர், சைக்கிள் சேதியைக் கேட்டு, "ஏன், பஸ் ஓடலயா?" என்று மட்டும் விசாரித்தாராம்.

மனைவியிடம் இருந்ததும் ஒரே கேள்விதான்.

"கடல் வரைக்கும் இறக்கம். சரி. திரும்பி வர்றது?"

அதைத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கியிருப்பதாகச் சொன்னேன்.

குறித்த சனிக்கிழமை விடியற்காலை இருவரும் ஒன்றாகக் கிளம்பினோம். அவள் பிள்ளைகளோடு பஸ்ஸில் அம்மா வீட்டுக்கு, நான் சைக்கிளில் இந்து சமுத்திரத்துக்கு. கதவைப் பூட்டிச் சாவியை நான் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை அண்ணன் வேலியோரம் நின்று கையாட்டினார்.

ஹாலிஎலவரை மிதித்தேன். அதற்கப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஏற்றத்தில் தள்ளுவதும் சைக்கிள் பயணத்தின் ஓர் அங்கம் என்று நூல்கள் சொல்லாவிட்டாலும் முழங்கால் சொல்கிறது. தெமோதரையில் உட்கார்ந்தபோது ரயில்காரர்கள்மேல் பொறாமையாக இருந்தது. மலையில் சட்டென்று ஏற முடியாத ரயிலுக்காக அங்கே பாதையை ஒரு வட்டமாகச் சுற்றி, ஸ்டேஷனுக்கு நேர் கீழேயே சுரங்கத்தில் நுழைத்திருக்கிறார்கள். ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இஞ்ஜினியருக்கு இந்த யோசனை வந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, 1924இல் பதுளைவரை ரயில் வந்து சேர்ந்துவிட்டது. வீதி போட்டவர்களுக்கு அப்படித் தலைப்பாகை கட்டிய ஆள் யாரும் வாய்க்கவில்லை. கும்பல்வெல சந்திவரை ஒரே நிமிர்வு.

எல்லவில் வெளிநாட்டுக்காரர்கள் ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அவர்களைக் கடந்தேன். அதற்குப் பிறகு, ஆகா, அந்த இறக்கம்! எல்லப் பிளவுக்கூடாகத் தூரத்துச் சமவெளி நீலமாகத் தெரிய, காற்று சட்டைக்குள் புகுந்து என்னை இரண்டு மடங்காக்க, ஐந்து நிமிஷத்துக்கு நான் ராஜா. ஆறாவது நிமிஷம் பிரேக் ரப்பர் வாசம் வந்தது. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இறங்கக் கூடாது. விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கைவிரல்களுக்கு அந்த அறிவு போய்ச் சேரவில்லை. ராவணா எல்ல நீர்வீழ்ச்சியில் ரிம் ஆறட்டும் என்று நின்றேன். ரொட்டிப் பார்சலை அவிழ்த்ததும் ஒரு குரங்கு வந்து, கட்டசம்பலை விட்டுவிட்டு ரொட்டிகளை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. அனுபவசாலி.

வெல்லவாய வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனாலும் மலை முழுவதும் எனக்குப் பின்னால். இனி மொனராகலை, சியம்பலாண்டுவ. லாகுகலைக் காட்டில் யானை வீதிக்கு வருமுன் தாண்டிவிட்டால் பொத்துவில், கடல். தம்பிலி ஒன்றை வெட்டச் சொல்லி வாயில் வைத்தேன். போன் அடித்தது.

"ஏங்க, கேஸை மூடினீங்களா?"

பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மாமியார் தோட்டத்தில் கோயில் மேட்டில் நின்றால்தான் சிக்னல். அங்கே நிற்கிறவர்கள் கேள்வி மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப்போவது வழக்கம். திருப்பி அடித்தேன். அந்த இலக்கத்தைத் தற்போது தொடர்புகொள்ள முடியாது என்று மூன்று மொழியிலும் சொன்னாள் ஒருத்தி.

மூடினேனா? அடுப்பு கண்முன் வந்தது. கேத்தல் வந்தது. அந்த ரெகுலேட்டர் திருகு மட்டும் வரவில்லை. சாவி என் பையில். நான் இருப்பது 190 மீற்றரில், அடுப்பு இருப்பது 680 மீற்றரில், இரண்டுக்கும் நடுவே 1,041 மீற்றரில் எல்ல. கடல்வரை இறக்கம் என்பதன் மறுபக்கத்தை அந்தத் தம்பிலிக் கடையில் உட்கார்ந்துதான் மீற்றர் மீற்றராகக் கூட்டிப் பார்த்தேன்.

பதுளைக்குப் போகும் மீன் லொறி ஒன்று நின்றது. டிரைவர் இரக்கமுள்ளவர், முன்னால் இடமில்லை என்றாலும் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சைக்கிளையும் என்னையும் படுக்க வைத்தார். பாரை, சூரை, கும்பளா எல்லாம் என்னோடு 850 மீற்றர் ஏறின. ஒவ்வொரு வளைவிலும் ஐஸ்தண்ணீர் வந்து என்னைத் தொட்டுவிட்டுப் போனது.

வீட்டைத் திறந்து ஓடினேன். ரெகுலேட்டர் இறுக மூடியிருந்தது. அப்போதுதான் மறுபடியும் போன்.

"மூடித்தான் இருக்கு!" என்று கத்தினேன்.

"தெரியுமே. நான்தான் மூடிட்டு வந்தேன். நீங்க பாத்தீங்களான்னுதான் கேட்டேன். அங்க கடல் எப்படி இருக்கு?"

பதில் சொல்ல வாயெடுக்கும் முன் சிக்னல் போய்விட்டது. பின்கதவைத் திறந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். கணக்கப்பிள்ளை அண்ணன் வேலிக்கு மேலால் மூக்கை நீட்டி இரண்டு தரம் இழுத்து முகர்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஒரே நாள்ல கடலுக்குப் போய்ட்டு வந்துட்டியே தம்பி!" என்றார். "அங்க பாரை கிலோ என்ன போகுது?"