ஒரே ஒரு ஓட்டை

அப்பாவின் படத்தை மாட்டச் சுவரில் ஒரு ஓட்டை வேண்டியிருந்தது. தெருமுனை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தால் நூறு ரூபாயோடு போயிருக்கும். நாமே போட்டால் என்ன என்று ஒயர் இல்லாத டிரில் மெஷின் ஒன்றை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கிவந்தேன். இந்தக் கணக்கை வீட்டில் வாரம் ஒருமுறை எனக்குப் படித்துக் காட்டுகிறார்கள்.

கடையிலேயே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. ஒரு பெட்டியில் 18 வோல்ட், பக்கத்தில் 20, அதற்கடுத்து 21. அதிகம் என்றால் நல்லதுதானே என்று 21-ஐத் தூக்கினேன். மூன்றும் ஒரே சரக்குதான் என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே கட்டைவிரல் பருமனில் ஐந்து லித்தியம் அயான் செல். சாதாரண நிலையில் ஒன்றுக்கு 3.6 வோல்ட், ஆக 18. சார்ஜ் முழுக்க ஏறியதும் ஒன்றுக்கு 4.2, ஆக 21. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை 21 வோல்ட். கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து 18. இதில் பொய் எதுவும் இல்லை, எந்த நேரத்தில் அளந்தார்கள் என்பதுதான் விஷயம்.

கூடவே வந்த கையேட்டை நான் படித்தேன். என் தலைமுறையில் அதைச் செய்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடாதே, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வை என்றது. நான் இருப்பது திருச்சி. மே மாதத்தில் எங்கள் வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றே ஒன்றுதான்; அதற்குள் ஏற்கெனவே இட்லி மாவு இருக்கிறது. மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் பேட்டரியையும் வைத்தேன்.

காலையில் அம்மாதான் பார்த்தார். “டேய், உன் மிஷினுக்கு வேர்த்து ஊத்துது, பாரு.” வெளியே எடுத்து வைத்த பேட்டரியின் முனைகளில் முத்து முத்தாகத் தண்ணீர். ஈரம் பட்டால் முனை அரிக்கும், ஷார்ட்டும் ஆகும். ஃப்ரிட்ஜ் வாசம் அத்தோடு முடிந்தது. பிறகு ஹால் அலமாரியில் பாதி சார்ஜோடு வைத்தேன். முழுக்க ஏற்றி மாதக்கணக்கில் போட்டாலும் ஆயுள் குறையும், சுத்தமாக வடியவிட்டாலும் கெடும். அரை வயிறு போதும் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்துகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டையைப் போட்டேன். அந்த வீரத்தோடு ஸ்டூலிலிருந்து இறங்கும்போது டிரில் கை நழுவி மொசைக் தரையில் விழுந்தது. டிரிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரியின் ஓரத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். பார்த்தும் பார்க்காத மாதிரி அதை அலமாரியில், ஸ்க்ரூ டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஒரு ஸ்க்ரூ உருண்டு இரண்டு முனைக்கும் குறுக்கே கிடந்தால் போதும், கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஹாலில் நெயில் பாலிஷ் வாடை. மகளைக் கூப்பிட்டு, “பரீட்சை நேரத்துல இது தேவையா?” என்றேன். பேசாமல் பத்து விரலையும் நீட்டினாள். சுத்தம். கேட்காமலே அம்மாவும் நீட்டினார். வாடையைப் பிடித்துக்கொண்டே போனால் அலமாரி. செல்லுக்குள் இருக்கும் திரவம் கசிந்தால் இப்படித்தான் இனிப்பாக வாடை வருமாம். தொட்டுப் பார்த்தேன். சார்ஜில் இல்லை, வேலையும் செய்யவில்லை, ஆனாலும் வெதுவெதுவென்று இருந்தது.

செல்லுக்குள் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே இருப்பது முடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். அது கிழிந்தால் சூடு, அந்தச் சூட்டில் இன்னும் சூடு, பிறகு பக்கத்துச் செல்லுக்கும் தொற்றிக்கொள்ளும். அடுப்படித் துணியால் அதைத் தூக்கிக்கொண்டு நான் மாடிப்படி ஏறிய வேகத்தைப் பார்த்து மனைவி, “இத்தனை நாளா முட்டி வலின்னீங்களே?” என்றாள். தண்ணீர்த் தொட்டி நிழலில், இரும்பு வாளியில் மணல் போட்டு அதன்மேல் வைத்தேன். தினமும் காலையில் அம்மா காபியோடு விசாரிப்பார்: “மேல இருக்கறவருக்கு எப்படி இருக்கு?”

வாங்கியது பத்து நிமிட வேலை, தொலைக்க மூன்று வாரம் ஆயிற்று. குப்பை வண்டி அக்கா வாளியை எட்டிப் பார்த்ததோடு சரி. “வண்டி அமுக்கும்போது பத்திக்கிச்சுன்னா யார் சார் பதில் சொல்றது?” அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. காயலான் கடைக்காரர், “உள்ள என்ன தேறுதுன்னு பார்ப்போம்” என்று சுத்தியலை எடுத்தார். வாளியோடு ஓடிவந்துவிட்டேன். வாங்கிய கடையிலோ, “விக்கிறதோட நம்ம வேலை முடிஞ்சுது சார்.” ஆனால் பொறுப்பு அத்தோடு முடிவதில்லை. 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில்தான் கட்டியிருக்கின்றன. பேட்டரியில் குப்பைத்தொட்டிமேல் பெருக்கல் குறி போட்ட படம் இருக்கிறதே, அது குப்பையில் போடாதே என்பதற்குத்தான். தொட்டி உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

கடைசியில் மின்கழிவு எடுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி இரும்புப் பெட்டியோடு வந்தார். பேட்டரி முழுவதையும் நான் இன்சுலேஷன் டேப்பால் அல்வாப் பொட்டலம்போல் சுற்றியிருந்தேன். “முனையில மட்டும் ஒட்டினா போதும் சார்” என்றார் சிரிக்காமல். “வேற எதுவும் இருக்கா?” என்று கேட்டதுதான் தாமதம், அம்மா பரணைக் காட்டினார். உப்பிப்போன மூன்று செல்போன் பேட்டரி, ஒரு ஷேவர், மகள் ஆறு வயதில் ஓட்டிய ரிமோட் கார். இத்தனை வருஷமும் அவற்றுக்குக் கீழேதான் நாங்கள் படுத்திருக்கிறோம்.

உங்கள் பரணிலும் ஏதாவது இருக்கும். முக்கியமாக, மேசை இழுப்பறையில் ஆணி டப்பாவும் டிரில் பேட்டரியும் ஒன்றாகக் கிடந்தால், பத்திரிகையை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு முதலில் இரண்டையும் பிரித்துவிட்டு வாருங்கள்.