தள்ளுபடி கொடுத்தால் குற்றம்

அமெரிக்காவில் சிறைக்கு எதிர்ச்சாரியில் இரவு 2 மணிக்கும் விளக்குப் பலகை மினுக்கிக்கொண்டு இருந்தால், அது மருந்துக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். பிணைக்கடை. மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடிவரும் தாய்க்கு அங்கே நாற்காலி உண்டு, கையெழுத்துப் போடப் பேனாவும் உண்டு. நீதிமன்றம் 10,000 டாலர் பிணை கேட்டால், கடைக்காரருக்கு வழக்கமான 10 சதவீதம், அதாவது 1,000 டாலர். மொத்தத் தொகைக்கு அவர் பொறுப்பு; அவருடைய பொறுப்புக்கு அவளுடைய வீட்டுப் பத்திரம் பொறுப்பு. பையன் ஒரு வாய்தா தவறாமல் போய் நின்று, கடைசியில் குற்றமே இல்லை என்று வழக்கு தள்ளுபடியானாலும் அந்த 1,000 வராது.

காசுக்கு ஜாமீன் நிற்பதைப் பகிரங்கத் தொழிலாக நடத்த விடும் நாடுகள் என்று சொன்னால் அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும்தான். நம்மூர் கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் இதையே செய்கிறவன் மாட்டிக்கொண்டால் உள்ளே போவான். அமெரிக்காவில் அவனுக்கு லைசென்ஸ். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

அரசு கண்டுகொள்வதில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஃபுளோரிடாவில் அரசு ஒப்புக்கொண்ட கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சபாஷ்! கொஞ்சம் பொறுங்கள், குறைத்தும் வாங்கக் கூடாது. கட்டணமே இல்லாமல் பிணைப்பத்திரம் எழுதுவதும் சட்ட விரோதம். யாராவது ஒரு முகவருக்கு நெஞ்சில் ஈரம் கசிந்து, “சரி, அழாதேம்மா, 600 கொடு” என்று வாய்தவறிச் சொன்னால் அவர் தொழிலுக்கே ஆபத்து. ஆடிக்கும் தீபாவளிக்கும் கடைக்காரர்கள் கூவிக் கூவிக் கொடுக்கும் தள்ளுபடி, அங்கே ஏழைக்குக் கொடுத்தால் குற்றம். ஈவு இரக்கத்தை ஒழுங்குபடுத்துவதில் இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட அரசை வேறெங்கும் பார்க்க முடியாது.

லைசென்ஸ் வாங்குவது லேசான காரியமா? கலிபோர்னியாவில் முடிவெட்டும் தொழிலுக்கு 1,000 மணி நேரம் படிக்க வேண்டும். பிணை முகவருக்கு 20 மணி நேரம். கத்தரிக்கோலைப் பிடிக்க 1,000, குடும்பத்தின் கழுத்தைப் பிடிக்க 20. பின்னதற்குக் கைப்பக்குவம் அதிகம் தேவைப்படாது போலிருக்கிறது.

டெக்சாஸ் இன்னும் ரசமானது. பெரிய மாவட்டங்களில் லைசென்ஸ் கொடுக்கவும் பறிக்கவும் தனி வாரியம் உண்டு. நீதிபதி, ஷெரிஃப், அரசு வழக்கறிஞர் எல்லோரும் உட்காரும் அந்த மேஜையில் ஒரு நாற்காலி பிணை முகவருக்கு. அரசு நியமிப்பது இல்லை. லைசென்ஸ் வைத்திருக்கும் மற்ற முகவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பால் பாதுகாப்புக் குழுவுக்குப் பூனைகள் தங்கள் பிரதிநிதியை ஜனநாயக முறைப்படி அனுப்பிவைக்கின்றன. அந்தப் பாலை ஊற்றிய தாய்மாருக்கு அங்கே நாற்காலி கிடையாது. கடையில்தான் ஏற்கெனவே ஒன்று போட்டாகிவிட்டதே!

பையன் ஓடிப்போனால்? 1872-ஆம் ஆண்டு டெய்லர் - டெய்ன்டர் வழக்கில் உச்ச நீதிமன்றமே வழி சொல்லிவிட்டது. பிணை கொடுத்தவர் ஆளைப் பக்கத்து மாநிலம் வரை துரத்தலாம், ஞாயிற்றுக்கிழமையும் பிடிக்கலாம், தேவைப்பட்டால் அவன் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழையலாம். போலீஸ்காரர் வாரன்ட் தேடி அலைய வேண்டிய இடத்தில் வியாபாரிக்கு ஒப்பந்தக் காகிதம் போதும். அடிமை ஒழிப்புத் திருத்தம் வந்து ஏழே வருடம் ஆகியிருந்த நாட்டில் சொன்ன சட்டம், பல மாநிலங்களில் இன்னும் மூச்சு விடுகிறது.

கென்டக்கி 1976-லேயே இந்தக் கடைகளை இழுத்து மூடியது. குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. இல்லினாய் 2023-இல் பணப் பிணையையே ஒழித்தது. கலிபோர்னியாவும் 2018-இல் சட்டம் போட்டது. உடனே பிணைத் தொழில்காரர்கள் பணத்தை இறைத்து, கையெழுத்துத் திரட்டி, 2020-இல் மக்கள் வாக்கெடுப்பில் அதைக் கவிழ்த்தார்கள். அந்தச் சட்டத்திலும் கோளாறு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இறைத்த பணம் எந்தச் சமையலறை டப்பாக்களிலிருந்து வந்தது என்று கேட்க அந்த வாக்குச்சீட்டில் இடமில்லை.

ஃபுளோரிடாக் கடையில் அந்தத் தாய் கழுத்துச் சங்கிலியையும் கழற்றி வைக்கிறாள். முகவர் நிறுத்துப் பார்த்து ரசீது எழுதுகிறார். அடமானத்துக்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும். அதில் சட்டம் மகா கண்டிப்பு.