நாளை முதல் ஜிம்!

ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே நூறு பஸ்கி போட்டேன். இரண்டு நாளாகப் படியிறங்க முடியவில்லை. உடற்பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளாதோ?
- அனல்மின் நிலைய ஊழியர், வள்ளூர்

பயிற்சி ஒத்துக்கொள்ளும், அவசரம்தான் ஒத்துக்கொள்ளாது. உங்கள் நிலையத்தில் மூன்று யூனிட், ஒவ்வொன்றும் 500 மெகாவாட். ஆறிக் கிடக்கிற யூனிட்டை எழுப்பும்போது எடுத்த எடுப்பில் முழு லோடு ஏற்றுவீர்களா? டர்பைனை மெல்லச் சூடேற்றித்தானே? இரும்புக்குக் காட்டும் மரியாதையைத் தொடைக்கும் காட்டுங்கள். பழக்கமில்லாத வேலை வாங்கினால் தசை நாரில் நுண்ணிய சேதம் வரும். வலி அன்றைக்குத் தெரியாது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சிக்குப் போகும். பஸ்கியில் உட்காரும்போதும் சரி, படியிறங்கும்போதும் சரி, தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. அதனால்தான் ஏறும்போது சமாளித்தவர் இறங்கும்போது சுவரைப் பிடிக்கிறார். சில நாளில் சரியாகிவிடும். ஆனால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் கைவைத்தியம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. சிதைந்த தசை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடும். அடுத்த முறை பத்தில் தொடங்குங்கள். பக்கத்தில் நிற்கிற பையன் சிரித்தால் சிரிக்கட்டும்.

தினமும் 10,000 அடி நடந்தால்தான் பலன் உண்டாமே?
- எண்ணூர் வாசகர்

1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965இல் ஜப்பானில் ஒரு நடை எண்ணும் கருவியை விற்கக் கிளப்பிய கணக்கு அது. மருத்துவக் கணக்கு என்பதைவிட வியாபாரக் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வேலை. அந்தக் 'கூடவே'யை மட்டும் வாக்கிங் கோஷ்டி காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

நாள் முழுக்க மூட்டை தூக்குகிறேன், எனக்கெதுக்கு எக்சர்சைஸ் என்கிறார் என் வீட்டுக்காரர்.
- அத்திப்பட்டு வாசகி

அவர் சொல்வதில் பாதி நியாயம். ஆனால் ஓய்வில்லாமல் எட்டு மணி நேரம் பாரம் தூக்கினால் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கவே நேரம் கிடைப்பதில்லை. பிழைப்புக்கான உழைப்பு, விரும்பிச் செய்யும் பயிற்சி அளவுக்கு இதயத்துக்கு நன்மை தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் சொல்லி வருகிறார்கள். அவரை இன்றைக்கே ஓடச் சொல்லாதீர்கள். முதலில் நல்ல தூக்கம். பிறகு லீவு நாளில் உங்களோடு ஒரு நடை. பேச்சுத் துணைக்கும் ஆச்சு.

விடியற்காலை நாலரைக்கே மெயின் ரோட்டில் வாக்கிங் போகிறேன். சுத்தமான காற்றுதானே?
- மீஞ்சூர் வாசகர்

காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் கன்டெய்னர் லாரிகள் போகிற பக்கமா? அப்படியானால் டீசல் புகையைத்தான் வேக வேகமாக இழுக்கிறீர்கள். அதுவும் மார்கழி, தையில் தரையையொட்டிய காற்று குளிர்ந்து, மேலே சூடான காற்று இருந்தால் புகை எழும்பாது. வெயில் ஏறித்தான் கலையும். அந்த மாதங்களில் காலையில் கொஞ்சம் தாமதமாக, உள்தெருக்களில் நடங்கள். போகியன்று வீட்டுக்குள்ளேயே பஸ்கி.

'சார்பட்டா பரம்பரை' பார்த்ததிலிருந்து குத்துச்சண்டை வெறி. நேராக ரிங்கில் இறங்கலாமா?
- திருவொற்றியூர் வாசகர்

படத்தின் நாயகன் கபிலனுக்குத் தொப்பை கரைய ஒரு பாட்டு போதும். உங்களுக்குப் பல மாதம். முதலில் ஸ்கிப்பிங் கயிறு, கால் வைக்கிற முறை. க்ளவுஸ் அப்புறம்.

ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஜிம்மில் பாதி விலை. கட்டலாமா?
- ராயபுரம் வாசகர்

பாதி விலை ஜிம்காரருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நினைக்கிறீர்கள்? மூன்றாம் மாதம் நீங்கள் வரமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான். மாதச் சந்தா கட்டுங்கள்.