செட்டு: சாக்கோட்டை வழக்கை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

1989இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்னும் வினைச்சொல்லுக்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள். அவற்றை விளக்க 60,000 சொற்கள். பின்னாளில் ‘ரன்’ 645 பொருளோடு அதை முந்திவிட்டது. ஓடுவதுதானே அதன் வேலை. அந்த அகராதிக்காரர்கள் காரைக்குடியில் இறங்கி, புதுவயல் பக்கம் பஸ் ஏறி, சாக்கோட்டையில் ஒரு டீ குடித்திருந்தால் கணக்கு இத்தோடு நின்றிருக்காது. (கும்பகோணத்துக்கு அருகிலும் ஒரு சாக்கோட்டை உண்டு. அவ்வூர் வழக்கை வேறு யாராவது ஆராய்ந்துகொள்க.)

முதலில் வேர். இங்கிலீஷ் செட்டுக்கு அப்பன் இருவர். ‘வை, இருத்து’ எனும் வினை பழைய ஆங்கிலத்துச் ‘செட்டன்’ வழி வந்தது. ‘கூட்டம்’ எனும் பெயரோ லத்தீன் ‘செக்தா’விலிருந்து பிரெஞ்சு வழியாக நுழைந்து அதோடு ஒட்டிக்கொண்டது. நம் செட்டுக்கு இருவரோடும் உறவில்லை. செட்டு என்றால் சிக்கனம், வணிகமும் ஆம். கட்டும் செட்டுமாகக் குடித்தனம் பண்ணுவது என்கிறோமே, அது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை வைக்கப் போன நகரத்தார் இச்சொல்லை இங்கிலீஷ்காரனுக்குக் கடன் கொடுத்தார்கள், அவன் திருப்பித் தரவில்லை என்பது என் கொள்கை. பழைய ஆங்கிலம் அதற்கு ஆயிரம் ஆண்டு முந்தியதாயிற்றே என்பார்க்கு விடை: வட்டி பின்னோக்கியும் ஓடும்.

இனி வழக்கு. வயலுக்குப் பம்பு செட்டு, ரம்மிக்குச் சீட்டு செட்டு. கல்யாண வீட்டில் சாமான் பரப்பும்போது எவர்சில்வர் செட்டு, பித்தளைச் செட்டு, பீங்கான் செட்டு என்று வளவு நிறைய அடுக்குகிறார்கள். செட்டு என்றால் சிக்கனம் என்ற சூத்திரம் இவ்விடத்தில் உயிர்விடுகிறது.

‘ஷெட்’டும் இங்கே செட்டுதான். வீரசேகரர் கோயில் பக்கம், ஒரு திருவிழா நாளில், களப்பணியின்போது காதில் விழுந்த வாக்கியம்: “செட்டுக்காரரு செட்டைச் செட்டுல வச்சுப் பூட்டிட்டு, அவரு செட்டோட போயிட்டாருங்க.” முதலிரண்டும் ஒலிபெருக்கி, மூன்றாவது தகரக் கொட்டகை, நான்காவது சகாக்கள் என்க. இதற்குப் பொருள் கேட்டவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான்.

கொட்டகையும் செட்டு, அதற்குள் எழுப்பும் அரண்மனையும் செட்டு என்னும் மயக்கத்துக்கு வரலாற்றுச் சான்றும் பக்கத்திலேயே உண்டு. போர்க்கால நெருக்கடியில் சென்னை தோதுப்படாமல் ஏவி.மெய்யப்பன் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான். தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையுமாக நிஜ அரண்மனைகள் வரிசையாக நிற்கும் சீமையில் செட்டுப் போட்டுப் படம் எடுத்தது எவ்வகைச் செட்டு என்று தெரியவில்லை. ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போயிற்று. இப்போது கோடம்பாக்கத்தார் இங்கே வந்து, அந்த வீடுகளையே செட்டாக வாடகைக்குப் பிடிக்கிறார்கள்.

காதல் செட்டாவதும் ஆகாததும், சிமெண்ட் செட்டாவதும் இலக்கணத்தில் ஒன்றே. இரண்டிலும் தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். ‘செட்டப்’ பற்றிப் பலர் தகவல் தந்தார்கள். குடும்பங்களின் நலன் கருதித் தவிர்த்தேன்.

கடன் கொள்கையைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் முழுதும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதை எழுதுனா எம்புட்டுத் தருவாக?” என்றார்.

சொன்னேன்.

“அப்பச் செட்டா எழுதுங்க தம்பி.”