யாரையும் விடாத கணக்கு

கேள்வி: பயன்வாதம் என்பது இன்ப துன்பங்களைக் கூட்டிக் கழிக்கும் கணக்குதானே? அதில் அறம் எங்கே இருக்கிறது?

பதில்: அந்தக் கணக்கில்தான் இருக்கிறது! ஒரு செயல் சரியா என்று பார்க்க, தத்துவஞானி ஜெரமி பெந்தாம் 1789-இல் வெளியிட்ட நூலில் வைத்த உரைகல் ஒன்றே: அதனால் எவ்வளவு இன்பம், எவ்வளவு துன்பம்? குலத்துக்கும் பட்டத்துக்கும் அதில் சலுகை கிடையாது. பிரபுவின் பல்வலியும் அவருடைய குதிரைக்காரனின் பல்வலியும் ஒரே எடைதான். குதிரையையும் பெந்தாம் விட்டுவிடவில்லை. பேச்சு வராவிட்டாலும் அதற்கும் வலிக்குமே!

அவருக்குப் பின் வந்த பயன்வாதியும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் ஸ்டூவர்ட் மில் பெண்களுக்காகவும் அந்தக் கணக்கைப் போட்டார். 1866-இல் சுமார் 1,500 பெண்கள் கையெழுத்திட்டு ஓட்டுரிமை கேட்ட மனுவை இரண்டு பெண்கள் சுருட்டிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எடுத்து வந்தார்கள். மில் வரும்வரை அதை ஆப்பிள் விற்கும் பெண்ணிடம் ஒளித்து வைத்தார்கள். பிறகு மில் அதை அவையில் கொண்டுபோய் வைத்தார்.

‘காலங்காலமாக இப்படித்தான்’ என்ற விடைக்கு எந்தக் கணக்கு வாத்தியாரும் மார்க் போடமாட்டார். பயன்வாதமும் அப்படித்தான். ‘இதனால் யாருக்கு வலிக்கிறது?’ என்று திருப்பிக் கேட்கும். அதுவே அதன் பலம். ஒருவரையும் விடாமல் எண்ணுவதைவிடப் பெரிய அறம் எனக்குத் தெரியவில்லை.